தம்பியைக் கேட்டாயாமே

அன்புள்ள தேவிக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இவள் காசிமேடு வரை நடந்துபோய் மீன் விலையைக் கேட்டு வயிறெரிந்துவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்புகிறாள். இதையெல்லாம் போனில் சொல்லலாம் என்றால் “மீட்டிங்ல இருக்கேன் நைனா” என்கிறாய். அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

பழைய சோறு எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாயாம். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கல்மண்டபம் மார்க்கெட் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். சின்ன வயதில் அந்தச் சட்டியைப் பார்த்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள் நீ. இப்போது நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே பழைய சோற்றை வைத்துக் குடல் நோய்க்கு ஆராய்ச்சி செய்ய அரசாங்கம் பணம் கொடுத்திருக்கிறது. நல்லது, சாப்பிடு. மாத்திரையோடு சாப்பிடு.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. பாய் மருந்துக்கடையில் உன் பெருங்குடல் புண்ணுக்கான மெசலமைன் மாத்திரைப் பார்சல் கட்டியபடியே கிடக்கிறது. “பாப்பாவுக்கு அனுப்ப வேணாமா சார்?” என்று பாய் கேட்டார். புனேயிலேயே வாங்கிக்கொள்கிறாள் போல என்று சொல்லிவைத்தேன். அப்படித்தான் என்றால் சரி. வயிறு அடங்கியிருக்கும்போது இந்த மாத்திரை எதற்கு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அடங்கியிருப்பதே அதனால்தான். 2003-ல் வந்த ஒரு ஆய்வு, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் என்று சொன்னது. நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியதில்லை. பெரியத்தை வீட்டுக் கல்யாணத்தில் ஸ்டீராய்டால் முகம் உப்பிப்போய், போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்று நீ மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததை மட்டும் நினைத்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பிக்கு டிக்கெட் போட்டிருக்கிறாய். சந்தோஷம். “அக்காவுக்குத் திடீர்னு என் மேல பாசம்” என்று அவன் சிரிக்கிறான். நீ என்னவெல்லாம் கேட்டாய் என்றும் சொன்னான். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாயா, தினமும் ஒழுங்காகப் போகிறதா, கடைசியாக எப்போது பேதி வந்தது, பச்சை குத்தினாயா. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சர்வீஸ் முழுக்க லேபில் மோஷன் டப்பா திறந்தவன் நான். பாசத்தில் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். ஆரோக்கியமானவரின் மலத்தை எடுத்து நோயாளியின் குடலுக்குள் செலுத்துகிறார்களே, அதற்கு மலம் தானம் கொடுப்பவரைக் கேட்கிற கேள்விகள் இவை.

அதை வீட்டிலேயே செய்துகொள்வதாக இருக்கிறாயா தேவி?

கோபமாகக் கேட்கவில்லை. நீ இதைப் படித்த படிப்பு எனக்குப் பெருமை. பெருங்குடலின் உள்தோலுக்கு பியூட்டிரேட்தான் சாப்பாடு, நார்ச்சத்தைத் தின்று அதைச் செய்து தருகிற பாக்டீரியாக்கள் உன் மாதிரி ஆட்களுக்குக் குறைந்துபோகின்றன என்று மொட்டைமாடியில் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. அவை குறைந்ததால் புண் வந்ததா, புண் வந்ததால் அவை குறைந்தனவா என்று நான் கேட்டேன். “அதைத்தான் நைனா எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க” என்றாய். அன்றைக்கு அம்மாவிடம் உன்னைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தெரிந்தவள், அப்பன் லேப் டெக்னீஷியன் என்பதை மறந்துவிட்டு, பல்லைக்கூட ஒழுங்காக விளக்காத தம்பியிடம் ரகசியமாகக் கேட்கிறாயே.

நெதர்லாந்தில் இந்த வைத்தியத்தைச் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில் 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள் என்பது எனக்கும் தெரியும். அது கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்கிற கிருமிக்கு. ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் அழித்த குடலில் அது ஒன்று மட்டும் குடியேறுகிறது, நல்ல கிருமிகளைக் கொண்டுவந்து விட்டால் ஓடிவிடுகிறது. உன்னுடையது அப்படி ஒற்றை எதிரி இல்லை. உன் நோய்க்கு ஆஸ்திரேலியாவில் செய்து 2017-ல் வெளியிட்டார்களே, வாரத்துக்கு ஐந்து நாள் என்று எட்டு வாரம் எனிமா கொடுத்தும் அடங்கியது 27 சதவீதம் பேருக்கு. சும்மா தண்ணீர் போல ஒன்றைக் கொடுத்தவர்களில் 8 சதவீதம். பலன் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தம்பி நாலு நாள் வந்து தங்கிவிட்டுப் போவதில் நடக்கிற காரியமா இது?

இன்னொன்று சொல்கிறேன், இது பேப்பரில் படித்தது இல்லை. ஹோட்டலில் வேலை செய்கிற பையன்கள் ஃபிட்னஸ் சர்டிபிகேட்டுக்காக வருவார்கள். கல்லு மாதிரி உடம்பு, வயிற்றில் ஒரு தொந்தரவும் இருக்காது. குச்சி முனையில் துளி மோஷன் எடுத்து, ஸ்லைடில் ஒரு பக்கம் சலைனிலும் மறுபக்கம் அயோடினிலும் கலக்கி, கவர் ஸ்லிப் போட்டு லென்ஸுக்கு அடியில் வைத்தால், மஞ்சள் பழுப்பில் ஒரு வட்டம், அதற்குள்ளே நாலு புள்ளி. அமீபா சிஸ்ட், சீதபேதி தருகிற அமீபா கூட்டுக்குள் அடங்கியிருக்கிற நிலை. அந்தப் பையனோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பான். அது உன் குடலுக்குள் போனால் என்ன ஆகும்? குடலுக்குள் குழாய் விட்டு ஸ்கோப்பில் பார்க்கிறவருக்கு உன் பழைய நோய் ஏறியது போலவே தெரியலாம். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அமீபாவுக்குக் கொண்டாட்டம்.

அமீபாவையாவது கண்ணால் பார்க்கலாம். மருந்துக்கு மசியாத ஈ.கோலை பாக்டீரியாவைக் கல்ச்சர் போட்டு வளர்த்தால்தான் பிடிக்க முடியும். அமெரிக்காவில் அந்தப் பரிசோதனை செய்யாத ஒருவரின் மலத்தைப் பெற்றவர்களில் இரண்டு பேருக்கு அந்தக் கிருமி தொற்றியது என்று 2019-ல் அறிவித்தார்கள். இரண்டு பேருக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவு. ஒருவர் இறந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் செய்தே இப்படி. எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற அசாதியோப்ரின் மாத்திரை சாப்பிடுகிற உனக்கு எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கும்? மிக்ஸியும் வடிகட்டியும் வைத்துக்கொண்டு பாத்ரூமில் நீ என்ன கண்டுபிடிப்பாய்?

அப்புறம் உன் தானக்காரன் விஷயம். ஆன்டிபயாடிக் சாப்பிடவே இல்லை என்று உன்னிடம் சொன்னானாம். போன மாதம் கடவாய்ப்பல் வீங்கி, பாய் கடையில் அமாக்சிசிலின் வாங்கிச் சாப்பிட்டான். “பல்லுக்குதானே நைனா, வயித்துக்கு இல்லையே” என்கிறான். பொய் சொல்லவில்லை, அவன் கணக்கு அது. பீச் பக்கம் அத்தோ நூடுல்ஸும் முட்டையும் தின்னாத வாரம் கிடையாது. அதையும் உன் கேள்விப் பட்டியலில் சேர்த்துக்கொள்.

செய்துகொள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. டெல்லி எய்ம்ஸில் செய்து 2022-ல் எழுதியிருக்கிறார்கள். கிராமத்து ஆட்கள் பலரிடமிருந்து எடுத்து, வாரம் ஒரு தடவையாக ஏழு வாரம் கொடுத்து, கூடவே சாப்பாட்டையும் மாற்றியிருக்கிறார்கள். எட்டாவது வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு அடங்கியிருக்கிறது, மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 32 சதவீதம். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் ஏற்கனவே சாப்பிட்டுவந்த மருந்தை நிறுத்திவிட்டு வந்தவர்கள் இல்லை. அந்த இடத்தை இரண்டு முறை படி. உன் டாக்டரிடம் கேள், அவர் அனுப்பினால் டெல்லிக்கு நானும் வருகிறேன். குளிருக்கு அந்தப் பச்சை ஸ்வெட்டர் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

நீ ஏன் இப்படி யோசிக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆபீஸ் போகிற வழியில் எங்கெங்கே டாய்லெட் இருக்கிறது என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவள் நீ. பஸ்ஸில் ஏறுவதற்கு முந்தின இரவிலிருந்தே சாப்பிடாமல் இருப்பவள். சலித்துத்தான் போகும். சலிப்பாக இருக்கிறது என்று எங்களிடம் சொல்லேன். “நல்லா இருக்கேன்” என்று ஒரு வார்த்தையில் போனை வைத்துவிடுகிறாய், அம்மா அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டுகிறாள். எனக்கு அது போதவில்லை.

தம்பி டிக்கெட்டைக் கேன்சல் செய்யாதே, வரட்டும். மெசலமைன் பார்சலை அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். நீ அங்கே வாங்கியிருந்தாலும் பரவாயில்லை, கெட்டுப்போகாது. வஞ்சிரக் கருவாடு அவனுக்கு, நீ காரத்தைத் தொடாதே. இந்த வாரமே மோஷன் கொடுத்து, குடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டுகிற கால்ப்ரொடெக்டின் டெஸ்ட் பார்த்துவிடு. ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு வேண்டாம். “நார்மல் நைனா” என்று எழுதாதே, நம்பரை அனுப்பு. 250-க்கு மேலே இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார். மாத்திரையை நிறுத்தாதே.

இப்படிக்கு,
நைனா