அட்டை படித்துக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். மூன்று வருஷமாக யாரையெல்லாம் தொந்தரவு செய்தேனோ, அவர்களுக்கெல்லாம் இந்த மடல். இங்கே இருப்பவர்களுக்கு ஜெர்மன் மொழியில் தனியாக எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால் உதவியவர்களில் பாதிப் பேர் திருநெல்வேலியிலும் சென்னையிலும் இருக்கிறீர்கள். ஒவ்வொரு முறை போன் பேசும்போதும் "அந்தப் பட்டாளத்துக்காரன் கதை என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்காகத் தமிழிலும் ஒன்று.

விஷயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பழஞ்சாமான் சந்தையில் ஒரு செருப்புப் பெட்டி வாங்கினேன். உள்ளே 38 தபால் அட்டைகள். எல்லாம் ஒரே ஆள், 1915 முதல் 1917 வரை, முதல் உலகப் போரின் மேற்கு முனையிலிருந்து அப்பா அம்மாவுக்கும் தங்கைக்கும் எழுதியவை. அவர் வூர்ட்டம்பெர்க் (அப்போதைய ஜெர்மன் பேரரசுக்குள், பிரஷ்யாவைப் போலவே, தனிப் படை வைத்திருந்த ராஜ்யம்) படையில் 119-வது ரிசர்வ் காலாட்படை ரெஜிமென்டின் சாதாரணச் சிப்பாய். அவ்வளவுதான் தெரியும். மீதியைப் படிக்க முடியவில்லை. ஜெர்மன் பேச, எழுத, சண்டை போடக்கூடத் தெரிந்த எனக்கு ஓர் அட்டையில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

இந்தக் கிறுக்கு தொற்றியது சென்னை நண்பரால். நான் அனுப்பிய சந்தைப் படமொன்றில் ஓரமாகக் கிடந்த கப்பல் அட்டையைப் பார்த்துவிட்டு, "டேய், அது எம்டன்டா!" என்று கத்தினான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அதே ஜெர்மன் போர்க்கப்பல். நம் ஊரில் கெட்டிக்காரனை இன்றைக்கும் 'பெரிய எம்டன்' என்கிறோம். அந்தக் கப்பலின் படத்தை இங்கே அட்டையாக அச்சடித்து விற்றிருக்கிறார்கள். மறுவாரம் ஓடிப்போனேன். எம்டன் விற்றுப் போயிருந்தது. அதே மேசையில் இருந்த செருப்புப் பெட்டியை வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் வாங்கினேன். நண்பா, எல்லாப் பழியும் உனக்கே, நன்றியும்தான்.

அப்பா, அடுத்து நீங்கள். நாற்பது வருஷம் பத்திரம் எழுதிய கை உங்களுடையது. ஜெர்மன் ஒரு எழுத்துத் தெரியாது. வாட்ஸப்பில் படம் அனுப்பியபோது ஏதோ விளையாட்டுக்குத்தான் அனுப்பினேன். நீங்கள் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, "தெரிஞ்ச சொல்ல முதல்ல பிடி. தேதி, ஊர், பேர். அதுல வர்ற எழுத்தையெல்லாம் தனித்தாள்ல அவன் எழுதின மாதிரியே வரைஞ்சு வை. மிச்சம் தானா வரும்" என்றீர்கள். பழைய கிரயப் பத்திரத்தில் மேற்படிக்கு ௸ என்றும் வருஷத்துக்கு ௵ என்றும் போடுவதைச் சின்ன வயதில் எனக்குக் காட்டியதை அப்போது நினைவுபடுத்தினீர்கள். ஆபீஸ் எழுத்து எந்த ஊரிலும் சுருக்கித்தான் இருக்கும் என்றீர்கள். இருந்தது. கஃப்ரைட்டர் என்ற பதவி நாலெழுத்தாகியிருந்தது, ராணுவ ஆஸ்பத்திரி மூன்றெழுத்தாகியிருந்தது. 'எம்' மேல் ஒரு கோடு இழுத்தால் அது இரண்டு 'எம்'.

அந்தக் கையெழுத்துக்குப் பெயர் குரென்ட். இங்கேயே நிறையப் பேர் அதைச் சூட்டர்லின் என்று சொல்லிவிடுவார்கள். அது தவறு. லூட்விக் சூட்டர்லின் பள்ளிப் பிள்ளைகளுக்காக எளிமையாக்கிக் கொடுத்த எழுத்து பிரஷ்யப் பள்ளிகளுக்கு வந்ததே 1915-ல்தான். அந்த வருஷம் பதுங்குகுழியில் உட்கார்ந்திருந்தவர் அதற்கு ரொம்ப முன்னால் படித்தது பழைய குரென்ட். அதில் 'ஈ' என்ற எழுத்து 'என்' மாதிரி இருக்கும். 'என்' எழுத்து 'யூ' மாதிரி இருக்கும். வித்தியாசம் தெரிய 'யூ' தலையில் ஒரு சின்ன வளைவு போட வேண்டும். நம் ஆள் அவசரத்தில் அந்த வளைவைப் போடவே மாட்டார். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல், துணைக்காலையும் ரகரத்தையும் ஒரே மாதிரி இழுத்துவிட்டுப் போனவர்களை எத்தனை பேர் திட்டியிருப்பார்களோ, அந்தத் திட்டெல்லாம் நான் இவரைத் திட்டினேன்.

முதல் கதவு திறந்தது கீழ்வீட்டுப் பாட்டியால். (நேரில் அவரைப் 'பாட்டி' என்று கூப்பிட்டால் தொலைந்தேன். மரியாதையாக 'ஃப்ராவ்' போட்டுத்தான் அழைக்க வேண்டும். தமிழில் எழுதுவதால் தப்பித்தேன்.) வயது 93. 1938-ல் பள்ளியில் சேர்ந்தபோது பழைய எழுத்து. 1941-ல் அரசாங்கமே அதை நிறுத்திவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறச் சொல்லிவிட்டது. பாட்டிக்கு அது ஞாபகம் இருக்கிறது. "இரண்டு எழுத்தையும் படித்த கடைசிக் குழந்தைகள் நாங்கள்" என்றார். அவருடைய அம்மா எழுதும் மளிகைச் சீட்டோ அச்சு அசலாக நம் சிப்பாயின் கையெழுத்து. கடைக்குப் போய்ப் போய்ப் படித்துப் பழகிய கண்.

முதல் அட்டையின் முதல் வரியை அவர் ஒரே மூச்சில் வாசித்தார்: நான் நலமாக இருக்கிறேன், உங்களிடமும் அதையே எதிர்பார்க்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீட்டு இன்லாண்டு லெட்டர்களில் 'நலம், நலமறிய அவா' என்று ஆரம்பிப்போமே, அதேதான். 38 அட்டைகளில் 31 இப்படித்தான் தொடங்குகின்றன. அந்த ஒரு வரியே எனக்கு அரிச்சுவடி ஆயிற்று. அப்பா சொன்னபடி அதிலிருந்து எழுத்துகளை வரைந்து பட்டியல் போட்டு அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. எரிச்சலைக் காட்டாமல் அதைச் சுற்றிச் சமைத்த என் மனைவிக்கும் நன்றி.

பட்டாளத்து மாமா, ஒரு மாதம் நான் முட்டாளாகத் திரிந்ததை நிறுத்தியது நீங்கள். பல அட்டைகளின் மேல் மூலையில் தேதிக்கு முன்னால் 'ஓ.யூ.' என்று இருந்தது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வடக்கு பிரான்ஸ் முழுக்க 'ஓ'வில் தொடங்கும் ஊர்களைத் தேடினேன். நீங்கள்தான், "மாப்ளே, நான் எங்கே இருந்தேன்னு உங்க அத்தைக்கு என்னைக்காவது தெரிஞ்சிருக்கா? கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.ன்னுதானே வரும்? எந்த ராணுவமும் ஊர் பேரை எழுத விடாது" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் கேட்டு விசாரித்தேன். 'ஓ.யூ.' என்றால் படை தங்கியிருக்கும் இடம், அவ்வளவுதான். ஊரை மறைக்க எழுதியதை நான் ஊராக்கப் பார்த்திருக்கிறேன்.

இங்குள்ள தபால்தலைச் சங்கத்துப் பெரியவருக்கும் ஒரு பெரிய கும்பிடு. எழுத்தை அவர் பார்ப்பதே இல்லை, முத்திரையைத்தான் பார்ப்பார். தபால்தலை ஏன் இல்லை என்று கேட்டதற்கு, சிப்பாய்க்குத் தபால் இலவசம், அதனால்தான் அந்தப் போரில் சுமார் 2,870 கோடி உருப்படிகள் போய் வந்ததாகக் கணக்கு என்றார். இலவசத்துக்கு அத்தாட்சி, பிரிவு அலுவலகம் குத்தும் 'எஸ்.பி.' முத்திரை. 'சிப்பாய்க் கடிதம்' என்பதன் சுருக்கம் அது. கம்பெனி (ரெஜிமென்டுக்குள் இருக்கும் சின்னப் பிரிவு) எண்ணும் அதிலேயே இருக்கும். "கையெழுத்து பொய் சொல்லலாம், ரப்பர் ஸ்டாம்ப் சொல்லாது" என்பது அவர் கட்சி. 1917-ல் தபால் முத்திரையிலிருந்து படைப்பிரிவின் பெயரை எடுத்துவிட்டார்களாம், எதிரி கையில் சிக்கினால் யார் எங்கே என்று தெரியக்கூடாது என்பதற்காக. என் பெட்டியின் கடைசி ஆறு அட்டைகள் ஊமையாக இருந்ததன் காரணம் அது.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது அட்டையில் அழுக்கு படிந்திருந்தது என்று ஈரத்துணியால் மெல்லத் துடைத்தேன். சாம்பல் நிறப் பென்சில் கோடு என் கண்ணெதிரே ஊதாப்பூ நிறமாக மாறி, நாலு வரியும் ஒரே குளமாகிவிட்டது. அது சாதாரணப் பென்சில் இல்லை, காப்பியிங் பென்சில். உள்ளே சாயம் கலந்திருக்கும், ஈரம் பட்டால் மையாகிவிடும். அழியாத எழுத்து வேண்டும் என்று சிப்பாய்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள். தண்ணீரைக் கிட்டே கொண்டுவராதே, லாமினேட் செய்யாதே, அமிலம் இல்லாத உறையில் போடு என்று தலையில் அடித்துச் சொன்ன காகிதச் சீரமைப்பு அம்மையாருக்கு, மீதி 37 அட்டைகளின் சார்பில் நன்றி. அந்த நாலு வரியை இனி யாராலும் படிக்க முடியாது. அதில் என்ன இருந்தது என்பது என்னால் போயிற்று.

இப்போது ரொட்டிக்கடை அக்கா.

1916 ஜூலை 7 தேதியிட்ட அட்டை ஒன்று. அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. இவருடைய ரெஜிமென்ட் பிரான்ஸின் சோம் ஆற்றுப் பகுதியில் போமான்-ஆமெல் கிராமத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஜூன் 24 முதல் ஒரு வாரம் இரவு பகலாகப் பீரங்கி. ஜூலை 1 காலை 7:20-க்கு ஹாதார்ன் மேட்டில் இவர்கள் காலுக்குக் கீழே பிரிட்டிஷார் சுரங்கம் தோண்டி வைத்த வெடி வெடித்தது. அன்று ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 57,000 பேருக்கு மேல் சேதம், அதில் 19,240 சாவு. நம் ஆள் ஆறு நாள் கழித்து அட்டை எழுதியிருக்கிறார். என்ன எழுதியிருப்பார்? மூன்றே வரி. நலம். நிறைய வேலை. மூன்றாவது வரியில் 'முடிந்தால் இன்னும் கொஞ்சம் ... அனுப்புங்கள்'.

அந்தச் சொல்தான் சிக்கல். நான் 'ப்ஃபால்ட்ஸ்' என்று படித்தேன், ரைன் நதிக்கு அந்தப் பக்கம் உள்ள பிரதேசத்தின் பெயர். 'கொஞ்சம் ப்ஃபால்ட்ஸ் அனுப்பு' என்றால் என்ன அர்த்தம்? அங்கே சொந்தக்காரர்கள், ஒயின் தோட்டம் என்று ஒரு குடும்ப வரலாறே ஜோடித்துவிட்டேன். வடக்கத்திக்காரரான சங்கத்துப் பெரியவரும் தலையாட்டினார். பாட்டிக்கு அந்த வாரம் கண் அறுவைச் சிகிச்சை. ஒரு சனிக்கிழமை ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடி செல்போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அக்கா எட்டிப் பார்த்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. "க்ஸெல்ட்ஸ்" என்றார்.

இந்த ஊர் ஸ்வாபியப் பேச்சில் அதற்கு ஜாம் என்று அர்த்தம். ரொட்டியில் தடவுகிற ஜாம். குரென்ட்டில் நீள 'எஸ்' எழுதினால் 'எஃப்' மாதிரியே இருக்கும், நடுக்கோடு ஒன்றுதான் வித்தியாசம். அகராதி ஜெர்மன் மட்டும் தெரிந்தவனுக்கு அந்தச் சொல் தோன்றவே தோன்றாது. பெட்டி முழுக்கத் திரும்பப் புரட்டினேன். பதினோரு இடத்தில் க்ஸெல்ட்ஸ். ஜாம் வந்தது, ஜாம் தீர்ந்தது, ஜாடி உடைந்து சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு வாரத்தைப் பற்றி அவர் எங்கேயும் எழுதவில்லை. தணிக்கைக்குப் பயந்தா, அம்மாவை நினைத்தா, சொல்ல வராமலா என்று நான் கதை கட்டப் போவதில்லை. ப்ஃபால்ட்ஸில் ஒரு முறை கட்டிப் பட்டது போதும்.

அக்கா அன்றைக்கு என்னிடம் ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை. மறுவாரம் அவர் வீட்டில் செய்த ப்ளம் ஜாடி ஒன்று வேறு.

ஆவணக்காப்பக வாசிப்பு அறையில் எனக்கு வழிகாட்டியவருக்கும் நன்றி. பிரஷ்யப் படையின் சிப்பாய்ப் பதிவேடுகள் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மேல் விழுந்த குண்டில் எரிந்து போயின. நம்முடையவர் வூர்ட்டம்பெர்க்காரர். அந்தப் படையின் பேரேடுகள் ஸ்டுட்கார்ட்டில் பத்திரமாக இருக்கின்றன. கம்பெனி எண் கையில் இருந்ததால் அரை மணியில் பக்கம் கிடைத்தது. பிறந்த ஊர், தொழில் தச்சு, 1916 செப்டம்பரில் லேசான காயம். அச்சிட்ட சேதப் பட்டியலிலும் (செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் பெயர் வரிசை) அதே மாதிரி 'லேசான காயம்' என்று ஒரு வரி. 1914 முதல் 1919 வரை வந்த அந்தப் பட்டியல்களில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். 2014-ல் முடித்தார்களாம். அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு ராத்திரி இவருடைய பெயரைத் தட்டியிருக்கிறார். அவருக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

ஆனாலும் 1917 நவம்பருக்குப் பிறகு அட்டை இல்லை. பேரேட்டுப் பக்கத்தின் கடைசிப் பத்தி, என் அதிர்ஷ்டத்துக்கு, மடிப்பில் கிழிந்திருந்தது. பெட்டியை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒருநாள் படம் பார்க்கிறேன் என்று எடுத்தாள். சீருடையில் அவர் நிற்கும் போட்டோ அட்டையைத் திருப்பி, "அப்பா, இதுல 'ஓப்பா'ன்னு எழுதியிருக்கே" என்றாள். ஓரத்தில், நீலப் பால்பாயின்ட் பேனாவில், சாதாரண லத்தீன் எழுத்தில், தாத்தா. நாங்கள் எல்லோரும் பூதக்கண்ணாடி வைத்துப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தோம். புரிகிற எழுத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. அட்டைகளில் மனைவி கிடையாது, பிள்ளை கிடையாது. தங்கையிடம் 'எனக்குப் பெண் பார்க்க வேண்டாம்' என்று ஒரு கிண்டல் உண்டு. அப்படியானால் அவர் ஊருக்குத் திரும்பி, கல்யாணம் செய்து, பால்பாயின்ட் பேனா வந்த காலத்தில் 'தாத்தா' என்று எழுத ஒரு பேரப்பிள்ளை இருந்திருக்கிறது. குட்டிம்மா, நீ கேட்ட ஐஸ்கிரீம் பாக்கி எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பேரப்பிள்ளைகள் கிடைத்தால் பெட்டி அவர்களுக்குப் போகும். தச்சரின் ஊர்ச் சர்ச்சுக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. அதுவரை 29-ஆம் அட்டையில் மூன்று சொற்கள் மிச்சம் இருக்கின்றன. அப்பா, தெளிவான படம் நாளைக்கு அனுப்புகிறேன், இரண்டாவது வரியில் கொக்கி மாதிரி இருக்கும் எழுத்தைப் பாருங்கள். கீழ்வீட்டுப் பாட்டி, உங்களுக்குக் கண் சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இறங்கி வருகிறேன். காபி உங்களுடையது, ரொட்டியும் ப்ளம் ஜாமும் என்னுடையது.

அன்புடன்,
மாடிவீட்டுத் தமிழன்