நாகலிங்க மரத்துக்காக ஒரு வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் ஆன்மிக இணைப்பில் வந்த நாகலிங்கப் பூ கட்டுரையைப் படித்தேன். படம் மிக அழகு. ஆனால் கட்டுரையில் இருந்த மூன்று செய்திகளைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இந்த மரம் சித்தர்கள் காலத்திலிருந்தே நம் கோயில்களில் இருக்கிறதாம். பூவின் வாசனைக்குப் பாம்பு வருமாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். முதலாவதால் யாருக்கும் கெடுதல் இல்லை. மற்ற இரண்டும் மரத்தின் உயிருக்கே உலை வைப்பவை. எங்கள் தெருமுனையில் நிற்கும் நாகலிங்க மரத்தை வெட்டச் சொல்லி, கட்டுரை வந்த மறுநாளே வீடு வீடாகக் கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். பிரதோஷத்தன்று அதே மரத்தடியில் பூ பொறுக்கிக் கோயிலுக்குக் கொடுப்பவளும்கூட. நாகலிங்கத்தைப் பற்றிய கதைகளை ஒழிக்க வேண்டும் என்பது என் எண்ணமில்லை.

பூவைக் கையில் வைத்துப் பார்த்தாலே கதை எப்படிப் பிறந்தது என்று தெரிந்துவிடும். தடித்த ஆறு இதழ்கள், உட்பக்கம் நல்ல சிவப்பு. நடுவில் ஆவுடையார் மாதிரி ஒரு வட்டம், அதில் குட்டைக் குட்டையாக நெருங்கி நிற்கும் மகரந்தத் தாள்கள், மையத்தில் சிறு குமிழாகச் சூலகம். வட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து பட்டையாக ஒன்று கிளம்பி, வளைந்து, குமிழுக்கு மேலே கவிகிறது. அதன் உட்புறம் முழுக்க இழைகள். லிங்கம், அதற்குக் குடைபிடிக்கும் நாகம், சுற்றி நிற்கும் சிவகணங்கள் என்று எங்கள் பாட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். கிளை நுனியில் பூக்காமல் அடிமரத்திலிருந்தே தொங்கும் சரங்களில் இப்படி ஒரு பூ பூத்தால் யாருக்குத்தான் கும்பிடத் தோன்றாது?

வகுப்பில் இந்தப் பூவைப் பிளேடால் நெடுக்கே வெட்டிக் காட்டுவேன். இதில் தேன் கிடையாது. நாகம் படமெடுத்தது போல் கவிந்திருக்கும் பாகத்தில் இருக்கிற மகரந்தம் விதை உண்டாக்குவதற்கானது அல்ல, அது வண்டுக்கு வைத்த சாப்பாடு. பெரிய கருவண்டு ஒன்று படத்துக்கும் வட்டத்துக்கும் நடுவில் நுழைந்து மேலே இருப்பதைத் தின்னும்போது, கீழே வட்டத்தில் இருக்கிற உயிருள்ள மகரந்தம் அதன் உடம்பில் அப்பிக்கொள்ளும். அதைச் சுமந்துகொண்டு அடுத்த பூவுக்குப் போகும். இரண்டு வேலைக்கு இரண்டு வகை மகரந்தம்! இதைச் சொல்லும்போது எந்தப் பிள்ளையும் ஜன்னல் பக்கம் பார்த்ததில்லை.

மரத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அமேசான் படுகையிலும் கயானா காடுகளிலும் தானாக வளர்வது. பிரெஞ்சு கயானாவின் செடிகொடிகளைப் பற்றி ஓப்ளே என்ற பிரெஞ்சுக்காரர் 1775இல் வெளியிட்ட நூலில்தான் இதன் அறிவியல் பெயர் வருகிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களில் இது இல்லை. அங்கே வரும் நாகம் வேறு மரம். தேவாரத்தில் கொன்றை உண்டு, ஊமத்தை உண்டு, எருக்கு உண்டு, நாகலிங்கம் இல்லை. இருக்கவும் முடியாது.

அதனால் பூஜைக்கு ஆகாது என்று ஆகிவிடுமா? நிச்சயமாக இல்லை. இலங்கையில் சிங்கள பௌத்தர்கள் இதே மரத்தை விகாரைகளில் வளர்த்து, புத்தர் பரிநிர்வாணம் அடைந்தபோது இருபுறமும் நின்ற சால மரமாகவே போற்றுகிறார்கள். உண்மையான சால மரம் வட இந்தியக் காடுகளில் இருக்கும் வேறொரு மரம். ஆனால் நாம் லிங்கத்தைக் காணும் அதே குமிழில் அவர்கள், புத்தரின் புனித எச்சங்களை வைத்துக் கட்டும் தாதுகோபத்தைக் காண்கிறார்கள். கடல் கடந்து வந்த ஒரு பூவை இரண்டு சமயத்தாரும் தங்கள் சாமியோடு சேர்த்துக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. எங்கள் புதுச்சேரி அரசும் இதைத்தான் மாநில மலராக வைத்திருக்கிறது. இதற்கு மேல் ஐயாயிரம் வருஷப் பழமையைக் கொண்டுவந்து ஒட்டவைக்கத் தேவையில்லை.

பாம்பு விஷயத்துக்கு வருகிறேன். தாழம்பூவுக்கும் மல்லிகைக்கும் காலங்காலமாகச் சொல்கிற அதே பேச்சுதான் இது. பாம்பு எலியையும் தவளையையும் தேடி வரும், பூவைத் தேடி வராது. மரத்தடியில் மக்கும் குப்பையை வாரினாலே பாதிப் பயம் போய்விடும். ஆண்டில் சில முறை மரம் மொத்த இலையையும் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். சில நாளிலேயே திரும்பத் துளிர்த்துவிடும். அதையும் அபசகுனம், மரம் பட்டுப்போகிறது என்று மனுவில் எழுதியிருக்கிறார்கள்.

பயப்பட வேண்டியது காய்க்குத்தான். சின்னப் பூசணி அளவில், உருண்டையாக, ஓடு கெட்டியாக இருக்கும் அது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் மரத்திலேயே தொங்கிவிட்டு ஒருநாள் தடாலென்று விழும். உடைந்தால் உள்ளே இருக்கும் சதை காற்றுப்பட்டு நீலம் பாரிக்கும், நாற்றம் தாங்காது. தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. அதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. சுற்றி ஒரு கம்பி வேலி போதும். அடியில் வண்டி நிறுத்தாமலும் பெஞ்சு போடாமலும் பார்த்துக்கொள்ளலாம். முற்றிய காய்களை நகராட்சி ஆட்களை வைத்து இறக்கச் சொல்லலாம். 

கையெழுத்துப் போட்ட எங்கள் தெருக்காரர்கள் உங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறார்கள், ஆன்மிக இணைப்பைத் தவறாமல் படிக்கிறார்கள். ஆகவே இந்தக் கடிதத்தை ஆசிரியர் பக்கத்தின் மூலையில் போடாமல், அதே இணைப்பில், அடுத்த வாரமே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை,
புதுச்சேரி.