திகில் பயணம் கேட்பவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கும்போது எங்களிடம் கடற்கரையும் மலையும் கேட்டவர்கள், கொஞ்ச காலமாக "திகிலா ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார்கள். மண்டை ஓட்டுச் சுரங்கம், பதப்படுத்திய உடல்கள், சித்திரவதைச் சிறை, வதைமுகாம் எல்லாம் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு குடும்பம் நான்கு நாளில் ஐந்து இடங்கள் என்று பட்டியலே போட்டு அனுப்பியது. முடியாது என்றோம். "காசு கொடுப்பது நாங்கள். எங்கே போவது என்று நாங்கள்தானே சொல்ல வேண்டும்?" என்று கோபித்துக்கொண்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறோம்.

இப்படிப்பட்ட இடங்களைப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. எங்களுக்கும் அந்த ஆசை உண்டு, இல்லாவிட்டால் இந்தப் பயணங்களை நடத்தவே மாட்டோம். ஆனால் பட்டியலில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு இடங்கள் நேரில் ஒரே மாதிரி இருப்பதில்லை.

பாரிஸின் நிலத்தடி எலும்புக் கிடங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நகரின் நடுவே இருந்த இடுகாட்டில் பல நூறு ஆண்டுகளாகப் பிணங்களைப் புதைத்து, மண்ணே நிறைந்து போயிருந்தது. 1780இல் பக்கத்து வீட்டு நிலவறைச் சுவர் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. அதற்கப்புறம்தான் நகர நிர்வாகம் விழித்துக்கொண்டு, கைவிடப்பட்ட கல் சுரங்கங்களுக்கு எலும்புகளை மாற்ற முடிவெடுத்தது. 1786 முதல் இரவு நேரங்களில் வண்டி வண்டியாக எலும்புகள் போயின, கூடவே பாதிரியார்கள் ஜெபம் பாடிக்கொண்டு நடந்தார்கள். சுமார் 60 லட்சம் பேருடைய எலும்புகள் அங்கே இருப்பதாகக் கணக்கு. முதலில் சும்மா கொட்டித்தான் வைத்தார்கள். இன்று நாம் பார்க்கும் வரிசை, இடையிடையே மண்டை ஓடுகளால் போட்ட பட்டை, எல்லாம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த அலங்காரம். வாசலில் 'நில்! மரணத்தின் பேரரசு இது' என்று பிரெஞ்சில் பொறித்திருக்கும். ஆக, வருகிறவர்களை மிரட்ட வேண்டும் என்று அமைத்தவர்களே நினைத்திருக்கிறார்கள். தாராளமாக மிரண்டு போங்கள். இறங்க 131 படி, ஏற 112 படி, உள்ளே எப்போதும் 14 டிகிரி குளிர். மூட்டு வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், கோபப்பட வேண்டாம். எலும்பை உருவிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

செக் நாட்டின் செட்லெட்ஸ் எலும்புத் தேவாலயமும் இந்த வகைதான். 1870இல் ஒரு மரச் சிற்பி அங்கே குவிந்து கிடந்த எலும்புகளைக் கொண்டு தோரணம் கட்டினார், சரவிளக்கு செய்தார், அப்பகுதிப் பிரபுக் குடும்பத்தின் சின்னத்தை அமைத்தார். கடைசியில் சுவரில் தன் பெயரையும் எலும்பாலேயே எழுதி வைத்தார். அந்தக் கையெழுத்தைத் தேடிப் பாருங்கள், பலர் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். 2020 முதல் முன் அனுமதி இல்லாமல் அங்கே படம் எடுக்க முடியாது. மண்டை ஓட்டுக்குத் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிப் படம் எடுத்தவர்களால் வந்த வினை இது. இத்தாலியின் பலெர்மோ நகரில் கப்பூசின் துறவிகளின் நிலவறையிலும் படம் எடுக்கத் தடைதான். அங்கே பதப்படுத்தி, நல்ல உடை உடுத்திச் சுவரோரம் நிறுத்தி வைத்திருக்கும் உடல்களை ஒரு காலத்தில் அவர்களுடைய சொந்தக்காரர்களே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 1920இல் இறந்த, இரண்டு வயதுகூட நிரம்பாத ஒரு பெண் குழந்தையும் அங்கே இருக்கிறாள், தலையில் கட்டிய பட்டு ரிப்பன் இன்னும் அப்படியே இருக்கிறது. நம் கைபேசிக்கு அங்கே என்ன வேலை?

இனி, நாங்கள் முடியாது என்று சொன்ன விஷயத்துக்கு வருகிறோம்.

இந்தத் தொழிலில் நாங்கள் புதிதாக இருந்தபோது, எல்லோரையும் போலவே, காலையில் ஆஷ்விட்ஸ் (போலந்தில் நாஜிகள் நடத்திய வதைமுகாம், இன்று நினைவகம்), மதியம் வியலிச்கா உப்புச் சுரங்கம் என்று ஒரே நாளில் திட்டம் போட்டோம். இரண்டுக்கும் கிராகோவ் நகரிலிருந்தே போய் வரலாம், வண்டிக் கணக்கும் கச்சிதமாக இருந்தது. ஆஷ்விட்ஸில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பெட்டிகள் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். திரும்பக் கிடைக்கும் என்று நம்பி, தொலைந்துவிடாமல் இருக்க, முகாமுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் எழுதியவை அவை. அதைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறியவர்கள் யாரும் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. உப்புச் சுரங்கத்தில் உப்பிலேயே செதுக்கிய அழகான தேவாலயம் ஒன்று உண்டு. அதைப் பார்க்கக் கூப்பிட்டபோது வயதான ஒருவர் இறங்கவே இல்லை. "என்னை விட்டுடுங்க" என்று மட்டும் சொன்னார். தப்பு முழுக்க எங்களுடையது. அன்றிலிருந்து ஆஷ்விட்ஸ் போகும் நாளில் வேறு எந்த இடமும் வைப்பதில்லை.

ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம் பேர். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று நினைவகமே பரிந்துரைக்கிறது, நாங்களும் அதையே கடைப்பிடிக்கிறோம். "என் பையன் ரொம்ப தைரியசாலி" என்ற வாதம் இங்கே எடுபடாது. தண்டவாளத்தின் மேல் கைகளை விரித்துப் பேலன்ஸ் செய்வது போலப் படம் எடுக்காதீர்கள் என்று 2019இல் அந்த நினைவகம் வெளிப்படையாகக் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் இன்னொன்று. அது ஒரு காலத்தில் பள்ளிக்கூடம். கெமர் ரூஜ் ஆட்சியில் அதைச் சித்திரவதைச் சிறையாக்கி, வகுப்பறைகளுக்குள்ளேயே செங்கல் வைத்துச் சிறைக் கூண்டு கட்டினார்கள். சிரிக்கும் முகத்தைக் குறுக்கே அடித்த அறிவிப்புப் பலகை ஒன்று அங்கே இருக்கிறது. அதற்கு மேல் நாங்கள் என்ன சொல்ல?

இந்த இடங்களுக்கு 'திகில்' என்ற பெயரில் நாங்கள் விளம்பரம் செய்வதில்லை, ஆவிக் கதையும் சொல்வதில்லை.

பேய்க் கதை வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ இருக்கிறது, சந்தோஷமாகக் கூட்டிப் போகிறோம். அங்கே மேரி கிங்ஸ் குளோஸ் என்ற பழைய சந்து கட்டடங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. 1645இல் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளை உள்ளே வைத்தே சுவர் எழுப்பி மூடிவிட்டார்கள் என்பது கதை. உண்மையில் அந்தச் சந்து மறைந்தது 1753இல், அதன் மேல் வணிக மாளிகை கட்டத் தொடங்கியபோதுதான். இதைக் கிளம்பும் முன்பே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம். படித்த பிறகும் இருட்டில் முதுகு சில்லிட்டால் நாங்கள் பொறுப்பல்ல.

இன்னொரு விஷயம். எந்த இடமானாலும் வாசல் வரை வந்துவிட்டு மனம் ஒப்பவில்லை என்றால் உள்ளே வர வேண்டாம். காரணம் கேட்க மாட்டோம். எங்கள் ஆள் ஒருவர் உங்களுடன் வெளியே உட்கார்ந்திருப்பார்.

பட்டியல் அனுப்பிய குடும்பத்துக்கு, அதை இரண்டு பயணமாகப் பிரித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்