எண்ணெய் வரும் கப்பலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரஷ்ய எண்ணெய்க்குத் தடை என்றால் பெட்ரோல் விலை ஏறுமா என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்த எண்ணெயைச் சுமந்து வரும் கப்பலைப் பற்றி எழுதுகிறேன். எண்ணெய்க் கப்பல்களில் 22 ஆண்டுகள் பம்ப்மேனாக, அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் பம்புகளைக் கவனிப்பவனாக இருந்தவன் நான். வீடு எர்ணாவூரில், கடலுக்குக் கூப்பிடு தூரம்.

தடை வடசென்னை மணலிக்குப் புதிதல்ல. அங்குள்ள சுத்திகரிப்பு ஆலைக்காக 1965-ல் தொடங்கிய நிறுவனத்தில் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் பங்காளி. அப்படியிருந்தும் அமெரிக்கத் தடையால் 2019-ல் ஈரான் எண்ணெயை இந்தியா நிறுத்திவிட்டது. 2022-க்குப் பிறகு ரஷ்ய எண்ணெய் பெருமளவில் வந்தது. ரஷ்ய எண்ணெயைப் பீப்பாய் 60 டாலருக்கு மேல் விற்றால் மேற்கு நாடுகளின் காப்பீடு கிடையாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் விதி போட்டார்கள். உடனே, அந்தக் காப்பீடு இல்லாமல் ஓட, உடைக்கப் போக வேண்டிய கிழட்டுக் கப்பல்களுக்கெல்லாம் கிராக்கி வந்துவிட்டது. பெயரை மாற்றுகிறார்கள், கொடியை (பதிவு செய்த நாட்டை) மாற்றுகிறார்கள். முதலாளி யார் என்றே தெரிவதில்லை.

2023 மே 1 அன்று மலேசியா அருகே வெடித்த 'பாப்லோ' 1997-ல் கட்டிய, இப்படிப்பட்ட ஒரு கிழட்டு எண்ணெய்க் கப்பல். இருந்த 28 பேரில் மூவர் காணாமல் போனார்கள். அப்போது அதில் சரக்கு இல்லை. சரக்கு இறக்கிய காலி டேங்கில் தங்கும் வாயுவுக்குத்தான் நாங்களும் அதிகம் பயப்படுவோம். சரக்கோடு வெடித்திருந்தால் அந்தக் கரை என்ன ஆகியிருக்கும்?

எங்கள் கரைக்கு அது தெரியும். 2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கொட்டியது. பாரதியார் நகர் பாறைகளுக்கிடையே தார் போல அப்பிக் கிடந்ததைப் பிள்ளைகள் பக்கெட்டில் அள்ளினார்கள். நானும் அள்ளினேன். கையுறையைத் தாண்டி நகக்கண்ணில் ஏறிய கறுப்பு பல நாள் போகவில்லை. முட்டையிட வரும் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. என் தங்கை கூடையில் கொண்டுபோன மீனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்கள். அந்தக் கப்பல்களுக்காவது காப்பீடு இருந்தது. நஷ்டஈடு கேட்க ஆள் இருந்தது.

பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் வாரியமான செபியின் விதி. அதில் புகை, கழிவுநீர், நட்ட மரம் எல்லாம் வரும். ஆனால் ரஷ்ய எண்ணெயைப் பெரும்பாலும் 'கொண்டுவந்து சேர்க்கும்' ஒப்பந்தத்தில் வாங்குகிறார்கள். கப்பலும் காப்பீடும் விற்றவர் பாடு. சுத்திகரிப்பவருக்குக் கப்பலைப் பற்றிக் கேள்வியே இல்லை.

2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பலுக்குக் காப்பீட்டுச் சான்று கட்டாயம் என்பது சர்வதேச விதி. காகிதம் எதுவும் அச்சடிக்கலாம். கொடுத்த நிறுவனத்தால் பணம் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். சென்னைக்கு எண்ணெய் கொண்டுவரும் ஒவ்வொரு கப்பலின் வயது, கொடி, காப்பீடு கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை வாங்கும் நிறுவனம் தன் அறிக்கையிலும், துறைமுகம் தன் வாசல் பலகையில் தமிழிலும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பம்ப்மேன்,
எர்ணாவூர், சென்னை 57.