கோவையில் நியூட்ரல் கழன்று எரிந்த கருவிகள்: இழப்பீடு கோரிப் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஒலி, ஒளி, ஜெனரேட்டர் வாடகை நிறுவனம்,
சென்னை.

ஐயா,

வணக்கம். எங்கள் ராக் பேண்டின் கோடைச் சுற்றுக்கு சவுண்ட், லைட், ஜெனரேட்டர் மூன்றையும் தங்களிடமே எடுத்திருந்தோம். மே 9 கோவை நிகழ்ச்சியில் நடந்ததைப் பற்றி நான்கு மின்னஞ்சல், பதினொரு போன், மாதவரம் குடோனுக்கு இரண்டு நடை எல்லாம் முடிந்துவிட்டன. பதில் வரவில்லை, பில் மட்டும் வந்திருக்கிறது. அதில் 'ஓவர்டைம்' என்று 18,000 ரூபாய். எதற்கு ஓவர்டைம்? உங்கள் கேபிளால் மேடை இருண்டு கிடந்த 70 நிமிடத்துக்கா?

நடந்தது இது. இரவு 8.05-க்கு, மூன்றாவது பாட்டில் ஆம்ப்கள் (ஒலி பெருக்கும் கருவிகள்) அத்தனையும் தாமே அணைந்துகொள்ளும் 'புரொடெக்ட்' நிலைக்குப் போயின. மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூஷன் பாக்ஸில் மீட்டர் வைத்தால் ஆர் ஃபேஸில் 150, ஒய்-யில் 338, பி-யில் 269 வோல்ட். மூன்றிலும் ஏறக்குறைய 230 இருக்க வேண்டிய இடம். மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பியான நியூட்ரல் விட்டுப்போனால் மட்டுமே இப்படிக் காட்டும் என்பது ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் உங்களுக்குத் தெரியாததல்ல. லோடு அதிகமுள்ள ஃபேஸில் வோல்டேஜ் விழும், குறைவான ஃபேஸில் ஏறும். எங்கள் கீபோர்டு, பெடல்போர்டு சப்ளைகள், இன்-இயர் ரேக், மிக்சரின் ஸ்டேஜ் பாக்ஸ் எல்லாம் அந்த ஒய் ஃபேஸில்தான் இருந்தன. 338 வோல்ட் ஏ.சி. ரெக்டிஃபை ஆனால் 478 வோல்ட் டி.சி. சப்ளைகளில் இருக்கும் கெப்பாசிட்டர் 400 வோல்டுக்கானது. வெடிக்காமல் என்ன செய்யும்?

உங்கள் டெக்னீஷியன் ஜெனரேட்டர் பேனலைத் திறந்தபோது எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். நியூட்ரல் லக்கை (கேபிள் நுனியை போல்ட்டில் பிணைக்கும் உலோக முனை) பாருங்கள். லக்கைக் கேபிளோடு அழுத்தி இறுக்கும் கிரிம்பிங் டூல் படவே இல்லை, சுத்தியலால் தட்டி நசுக்கியிருக்கிறார்கள். போல்ட்டில் ஸ்பிரிங் வாஷர் இல்லை. வண்டியில் வந்த அதிர்விலும் இன்ஜின் அதிர்விலும் தளர்ந்து, சூடேறி, லக் கறுத்து, இரண்டு அங்குல நீளத்துக்கு இன்சுலேஷன் உருகி வழிந்திருக்கிறது.

கேபிளே தப்பு. ரைடரில் (எங்கள் தொழில்நுட்பத் தேவைப் பட்டியல்) சவுண்டுக்கு 62.5 கே.வி.ஏ. திறனில் ஒன்று, லைட்டுக்குத் தனியாக ஒன்று என்று இரண்டு ஜெனரேட்டர் கேட்டிருந்தோம். நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டீர்கள். வந்ததோ ஒரே 125 கே.வி.ஏ., அதற்கு 3.5 கோர் 70 ஸ்கொயர் எம்.எம். கேபிள். அதில் மூன்று ஃபேஸ் கம்பிகள் 70, நியூட்ரல் பாதியளவு, 35 தான். எல்.இ.டி. லைட்டுகள் உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் கரன்ட் (மின் அலையின் மூன்று மடங்கு அதிர்வெண்ணில் வரும் உபரிக் கரன்ட்) நியூட்ரலில் ஒன்றையொன்று ரத்து செய்யாது, கூடிக்கொண்டே போகும். அதனால்தான் முழு நியூட்ரலுள்ள 4 கோர் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தோம்.

இதைச் சொன்னபோது தங்கள் அலுவலக ஊழியர் ஒருவர் போனில் சொன்னது: "ஆர்கெஸ்ட்ராவுக்கே இதே கேபிள்தான் சார் போடறோம். உங்களுக்கு மட்டும் என்ன தனியா? ஈ.எல்.சி.பி. ட்ரிப் ஆகலையே, அப்ப உங்க கருவியிலதான் கோளாறு." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். ஐயா, ஈ.எல்.சி.பி. கரன்ட் கசிவைப் பார்க்கும் சாதனம். அதற்கு முன்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் நியூட்ரல் கழன்றால் அது எப்படி ட்ரிப் ஆகும்? வோல்டேஜ் எகிறினால் சப்ளையைத் துண்டிக்கும் ஓவர்-வோல்டேஜ் ரிலே ஒன்று இருந்திருந்தால் வெட்டியிருக்கும். உங்கள் பாக்ஸில் அது இல்லை. பேக்லைனை (மேடையில் நாங்கள் வாசிக்கும் கருவிகள்) சொருகுவதற்கு முன் எல்லா லைட்டையும் முழு லோடில் போட்டு, மூன்று ஃபேஸையும் நியூட்ரலுக்கு எதிரே அளந்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்டுக்கு மேல் இல்லை என்று பார்க்க வேண்டும் என்பதும் ரைடரிலேயே இருக்கிறது. உங்கள் ஆள் லைட்டை அணைத்துவிட்டு அளந்து 'ஓகே' எழுதியிருக்கிறார். லோடு ஏறாமல் தளர்ந்த லக் எப்படித் தெரியும்?

எரிந்த கருவிகளைக் குடோனுக்குக் கொண்டுவரச் சொன்னதும் தாங்கள்தான். டெம்போ பிடித்து 11 மணிக்கு வந்தால் மாலை 4 வரை கேட்டிலேயே நிற்க வைத்து, "மேனேஜர் வெளியே போயிருக்கார்" என்று அனுப்பினீர்கள். இரண்டாம் முறை ஒரிஜினல் இன்வாய்ஸ் கேட்டீர்கள். அதை முதல் நடையிலேயே சொல்லியிருக்கலாமே! முழு வெயிலில் கருவிகளோடு நின்ற அந்த ஐந்து மணி நேரத்துக்கு யார் பொறுப்பு?

9.15-க்கு சத்தம் திரும்பியது. திறந்தவெளியில் ஒலிபெருக்கியை 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி எங்களுக்காக நீளாது. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் பாதிகூட நடக்கவில்லை. இந்தக் கோடை முழுவதும் அந்த ஒரு லக்கால் நாசமாகிவிட்டது என்றே சொல்வேன். பழுது பார்க்க மட்டும் 1,86,000 ரூபாய். கொச்சி, பெங்களூரு நிகழ்ச்சிகளுக்கு வெளியே எடுத்த கருவிகளின் வாடகை, திருப்பிக் கொடுத்த டிக்கெட் பணம், போன பெயர் எல்லாம் சேர்த்தால் 15 லட்சத்துக்குக் குறையாது.

தயவுசெய்து ஏழு நாளுக்குள் ஓவர்டைமை நீக்கி, பழுதுச் செலவைத் தந்து, கோவை வாடகையைத் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ் வரும். இதே படங்கள் மின் ஆய்வுத் துறைக்கும் போகும். பணியாளர்கள் மேல் எங்களுக்குக் கோபமில்லை, கோவையில் அந்த இரவில் ஓடி உழைத்தவர்களும் அவர்கள்தான். புதுச்சேரி நிகழ்ச்சி இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கு 4 கோர் கேபிளும் இரண்டு ஜெனரேட்டரும் வரும் என்று எழுத்தில் வேண்டும். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
பேண்டின் தொழில்நுட்ப மேலாளர்

இணைப்பு: மீட்டர் படங்கள், லக் படங்கள், கையெழுத்திட்ட ரைடர், பழுது மதிப்பீடு.