நாற்காலியில் இருந்தவர் யார்?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கைக் கட்டைப் பிரித்தாகிவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. புத்தூர் கட்டுக்காக இவ்வளவு தூரம் வந்தவன், திரும்பும்போது நகரியில் இறங்கி ஒரு ராத்திரி தங்கியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. இங்கே எல்லோரும் சுகம். பெங்களூரா மாங்காய் விலை இந்த வருஷம் பறிப்புக் கூலிக்கே காணவில்லை. தெருவில் பாதித் தறிகள் ஓடவில்லை. அதையெல்லாம் நேரில் பேசுவோம். இப்போது எழுத வந்தது வேறு விஷயம்.

சித்தப்பா காலமான பிறகு வீட்டுச் சாமான்களைப் பங்கு போட்டோம். நடு வீட்டில் மாட்டியிருந்த, கண்ணாடியிலேயே வரைந்த படம் என் பங்குக்கு வந்தது. பள்ளிக்கூட நாட்களில் நீயும் பார்த்திருக்கிறாய்: கொள்ளுத் தாத்தா கறுப்புக் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக நாற்காலியில் இருப்பார், நடுவில் பூஜாடி வைத்த வட்ட மேஜை, அந்தப் பக்கம் ஒரு காலி நாற்காலி. அது யாருக்கு என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். குருவுக்கு விட்டது என்பார் தாத்தா. இறந்துபோன அண்ணனுக்கு என்பார் சித்தப்பா. பாட்டி மட்டும் பதிலே சொல்ல மாட்டாள்.

சட்டத்தின் கீழ்ப்பக்கம் கரையான் ஏறியிருந்ததால் பின்பலகையைக் கழற்ற வேண்டியதாயிற்று. ஈரத்துணி வைக்கவே கூடாது என்று தெரியும். கண்ணாடி எதையும் உறிஞ்சாது, அதனால் இந்த மாதிரிப் படங்களில் வர்ணம் மேலோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறது. கொஞ்சம் ஈரம் பட்டாலும் செதில் செதிலாகக் கையோடு வந்துவிடும். கட்டிலில் வெள்ளை வேட்டி விரித்து, படத்தைக் குப்புறப் போட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் இந்த வேலை செய்தவர்கள் கண்ணாடியின் பின்பக்கத்தில்தான் வரைவார்கள். வழக்கமான ஓவியத்தில் கடைசியாக வருவது இதில் முதலில் வரும். கண் கோடு, நகை, ஜரிகை முதலில், முகமும் துணியும் அதற்கு மேல், பின்னணி கடைசி. வலது இடது மாறிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு வரைய வேண்டும். 1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு காகிதப் படங்கள் மலிவாகக் கிடைத்தன, இவர்களுடைய பிழைப்பும் மெல்ல மெல்லப் போயிற்று. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படிப் போட்ட படத்தில் ஓர் உருவத்தை மறைக்க மேலே வர்ணம் பூசினால் போதாது. பின்பக்கத்திலிருந்து கண்ணாடி வரைக்கும் சுரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தைப் புதிதாக நிரப்ப வேண்டும்.

எங்கள் படத்தில் அதைத்தான் செய்திருக்கிறார்கள். பின்னணி நீலம் இரண்டு விதமாக இருக்கிறது. கொள்ளுத் தாத்தா பக்கம் இருப்பது மங்கி, தொட்டால் மாவாக உதிர்கிறது. காலி நாற்காலியைச் சுற்றி இருப்பது கதவுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்ட் மாதிரி வழுவழுப்பு. அந்த நாற்காலியே வேறு கை. கொள்ளுத் தாத்தாவின் நாற்காலிக் காலில் கடைசல் வளையங்கள் மயிரிழைக் கோடாக இருக்கின்றன. இதில் நாலு கோடு இழுத்து விட்டிருக்கிறான். புதுப் பூச்சின் ஓரத்தில் பிளேடு கீறல்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. ஒரு மூலையில் தங்கரேக்குத் துணுக்கு ஒன்று, அரிசி நொய் அளவு, இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் படத்தை நிமிர்த்தி லென்ஸ் வைத்து முன்பக்கம் பார்த்தேன். கொள்ளுத் தாத்தாவின் தோளில் அங்கவஸ்திர மடிப்பு என்று நாம் நினைத்திருந்தோமே, அது மடிப்பே இல்லை. நான்கு விரல் நுனிகள். மெல்லிய விரல்கள், மருதாணிச் சிவப்பு. மோதிர விரலில் ஒரு சிவப்புக் கல். விரல்களை முதலில் வரைந்து அவற்றின்மேல் கோட்டைப் பூசியிருக்கிறான் ஓவியன். அவற்றை எடுக்க வேண்டுமென்றால் கொள்ளுத் தாத்தாவின் தோளையும் சேர்த்துச் சுரண்ட வேண்டும். சுரண்டியவருக்கு அதற்கு மனம் வரவில்லை, அதனால் விரல்கள் தப்பின. எனக்குக் கை நடுங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் பிறந்து வளர்ந்த நடு வீட்டில் இத்தனை வருஷம் ஒரு பெண் இருந்திருக்கிறாள், ஒருவருக்கும் தெரியவில்லை.

கொள்ளுப் பாட்டியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவளை ஏன் அழிக்க வேண்டும்? அவள் போட்டோ பூஜை அறையிலேயே இருக்கிறது.

பின்பலகைக்கும் வர்ணத்துக்கும் நடுவில் ஒரு கணக்கு நோட்டின் தாளை வைத்திருந்தார்கள். தலைப்பில் ‘விகாரி வருஷம் ஐப்பசி’ என்று இருந்தது. விகாரி என்றால் 1899. ஆக, கொள்ளுத் தாத்தா காலத்திலேயே நடந்து முடிந்த சமாசாரம் என்று ஒரு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ராத்திரி தாளை மறுபடி படித்தேன். நூல் கட்டு, சாயம், வண்டிக் கூலி. கடைசி வரியில் ரூபாய்க்குப் பக்கத்தில் ‘நயாபைசா’. அந்தக் காசு 1957-ல்தானே வந்தது! அறுபது வருஷம் கழித்து வந்த அடுத்த விகாரி இது. புதுப் பூச்சின் நீலம் அந்தத் தாளிலும் ஒட்டியிருக்கிறது. பூச்சு காயும் முன்பே தாளை வைத்து மூடியிருக்கிறார்கள். ஆக, 1959 ஐப்பசிக்குப் பிறகுதான் அவளைச் சுரண்டியிருக்கிறார்கள். என் தாத்தா பாட்டி காலத்தில், என் அத்தை பாவாடை கட்டிய வயசில்.

உடனே டிரங்குப் பெட்டியைத் திறந்து பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். அதுவும் அதே விகாரி, பங்குனி மாசம். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. அதற்குச் சில நாள் முன்னால் பதிவாகியிருக்கிறது. சொத்து இரண்டு ராஜ்யத்தில் மாட்டிக்கொள்ளும் என்று அவசரப்பட்டிருப்பார்கள். பத்திரம் தெலுங்கில் இருக்கிறது. பங்காளிகள் எல்லோருக்கும் இன்னார் குமாரர், இன்னார் பாரியாள் என்று முறையாக எழுதியிருக்கிறது. திருத்தணியில் இருந்த சின்ன ஓட்டு வீட்டை மட்டும் ஒரு பெண்ணின் பெயருக்கு விட்டிருக்கிறார்கள். தகப்பன் பெயர் இல்லை, புருஷன் பெயர் இல்லை, உறவும் இல்லை. எங்கள் வம்சத்தில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

கொள்ளுத் தாத்தாவுக்கு மூத்த தாரம் ஒன்று இருந்து, அவள் வழிப் பிள்ளைகள் பங்கு கேட்டுவிடக்கூடாது என்று சாட்சியை அழித்தார்களோ? வாயை அடைக்க அந்த ஓட்டு வீட்டைக் கொடுத்தார்களோ? எனக்கு அப்படித்தான் படுகிறது.

அரக்கோணத்தில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்தேன். நடு வீட்டுப் படம் இப்போது என்னிடம் இருக்கிறது என்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “பின்பக்கத்தைத் திறந்தியா?” என்றாள். நான் பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஆமாம் என்றதும், “மூடி மாட்டிடுப்பா” என்று சொல்லிவிட்டு, பேரனைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்துவிட்டாள்.

தம்பி மகன் இதை யாரிடமாவது கொடுத்துப் புதுசு பண்ணி விற்கலாம் என்கிறான். நான் சம்மதிக்கவில்லை, சம்மதிக்கவும் மாட்டேன். அந்த விரல்கள் யாருடையவை என்று தெரியாமல் அந்தப் படத்தில் யாரும் கை வைக்கக்கூடாது.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. பத்திரத்தில் உள்ள எல்லையைப் பார்த்தால் அந்த ஓட்டு வீடு உன் அம்மா பிறந்த தெருவில்தான் வருகிறது. 1960-ல் அம்மாவுக்கு விவரம் தெரிந்த வயசு. அந்த வீட்டில் யார் இருந்தார்கள், நகரியிலிருந்து யாராவது வந்து போவார்களா, பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று மெதுவாகக் கேட்டுப் பார். பெண்ணின் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மா தானாகச் சொல்கிறாரா என்று பார்த்துவிட்டு அப்புறம் பிரி. கூடவே இரண்டு போட்டோ இருக்கிறது. முழுப் படத்தை முதலில் காட்டு, விரல்கள் தெரிகிறதைப் பிறகு காட்டினால் போதும். அசதியாக இருந்தால் இன்னொரு நாள் கேள், வற்புறுத்தாதே. அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி அனுப்பு.

அம்மாவுக்கு என் நமஸ்காரம். கையை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள், பாரம் தூக்காதே.

அன்புடன்,
உன் நகரி நண்பன்