டர்பனில் அந்த இரவு துணைக்கு இருந்த அக்காவுக்கு

பின்கழுத்து வலி என்று என் கணவர் சொன்னபோது தலையணையைக் குறை சொல்லித் தைலம் தேய்த்தவள் நான். கழுத்தெலும்பு வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து புடைத்திருக்கிறது என்றார் மருத்துவர். ஆங்கிலத்தில் பாதி புரியவில்லை.

டர்பன் சாட்ஸ்வொர்த் பகுதி அக்கா, நீங்கள்தான் உங்கள் கோட்டுக் கையில் கிழிந்திருந்த உள்துணிக்குள் விரலை விட்டு, "ரத்தம் இப்படித்தாம்மா பூந்துக்குது, வெளிப்பக்கம் உப்புது" என்றீர்கள். தடுக்கித் தடுக்கி வந்த தமிழ். ஆனால் சட்டென்று விளங்கியது. மண்டையைத் திறக்கவில்லை. தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, கிழிசலுக்குக் குறுக்கே ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தார்கள்.

இப்போது ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரை இரண்டையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். அப்புறம், உங்கள் பிளாஸ்க் மூடி என்னிடமே இருக்கிறது. நன்றி அக்கா.